பாதயாத்திரைக்கு ஒரு பாடசாலை

பழனிக்கு நடந்து போகப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், எங்கள் பக்கத்தில் அதைக் கேட்டு வியப்படைவார் எவருமில்லை. "முருகன் துணை" என்று வாழ்த்தி, உண்டியலில் சேர்க்கச் சொல்லிக் கையில் ஏதேனும் காணிக்கையும் கொடுத்தனுப்புவார்கள். ஆனால் அதே மனிதர், "அதற்காக நான்கு மாதம் பயிற்சி செய்யப் போகிறேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும்! ஊரே சிரிக்கும். "சாமிமேலே அவ்வளவுதானா நம்பிக்கை?" என்று கேட்கும்.

சென்ற புரட்டாசியில் திருமயத்தில் நாம் பதினொரு பேர் கூடி, தைப்பூச யாத்திரைக்கென்று நடைப் பயிற்சி தொடங்கியபோது இந்தக் கேள்வியைக் குறைந்தது நூறு தடவை கேட்டிருப்போம். கேட்டவர்கள்மீது நமக்குக் கோபமில்லை. ஏனெனில் இந்தக் கூட்டம் தோன்றியதற்குக் காரணமானவரும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவரே.

அவர் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். வயது ஐம்பத்தெட்டு. பல ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன், மகளுக்குப் பிள்ளை பிறந்த மகிழ்ச்சியில் பழனிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்ட பத்தாம் நாள் மாலை போட்டுக்கொண்டு, வெறுங்காலுடன் புறப்பட்டுவிட்டார். அதற்குமுன் அவர் நாள்தோறும் நடந்த தூரம் வீட்டிலிருந்து கடை வரையில்தான். மூன்றாம் நாள் நடுப்பகலில், தார்ச்சாலையில் உள்ளங்கால் தோல் வெந்து உரிந்திருக்கிறது. அவருக்கு வலிக்கவில்லை. வலி தெரியாதிருந்ததைத் தெய்வ கிருபை என்றே அவர் எண்ணினார். உண்மையில், சர்க்கரை வியாதியால் பாதத்து நரம்புகள் மரத்துப் போயிருந்தன. இரவு தங்கிய இடத்தில் உடன் வந்தவர் ஒருவர், தரையில் இரத்தத் தடம் பதிந்திருப்பதைக் கண்டு கூச்சலிட்ட பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. ஆம்புலன்ஸ் வண்டியில் திரும்பினார். வலக்காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

வேண்டுதலை நிறைவேற்றாமல் விடக்கூடாது என்று அவருடைய மனைவி முடிவு செய்தார். வயது ஐம்பத்திரண்டு. பிள்ளைகள் தடுத்தார்கள். அந்த அம்மாள் நம்மிடம் வந்து, "சார், நான் போகத்தான் போறேன். எப்படிப் போனால் நடந்தே திரும்பி வீட்டுக்குள்ளே வரலாம், அதை மட்டும் சொல்லுங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் இத்தனை ஆண்டுகள் பாடம் சொல்லியும், இவ்வளவு தெளிவான கேள்வியை நாம் அதிகம் கேட்டதில்லை.

திருமயத்தை அறியாத நேயர்களுக்கு அவ்வூரைப்பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி செல்லும் பாதையில் 20 கிலோமீட்டர் வந்தால், சமவெளியின் நடுவே பெரிய கருங்கற் பாறை ஒன்று எழுந்து நிற்கும். அதைச் சுற்றியும் அதன்மேலும் 1687-ஆம் ஆண்டில் இராமநாதபுரத்துச் சேதுபதி கட்டிய கோட்டை. தென்புறம் பாறையைக் குடைந்து செய்த சிவாலயமும் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. அப்பெருமாளின் திருநாமம் சத்தியமூர்த்தி. தீரர் சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்த ஊரும் இதுவே. கோட்டை மதிலை ஒட்டிய பைரவர் சந்நிதியில் நின்று ஒரு கும்பிடு போடாமல் இவ்வழியே செல்லும் வண்டிக்காரர் அரியர்.

சுற்றுப்புறம் செம்மண்ணும் சரளைக்கல்லும் கருவேல முள்ளும் நிறைந்தது. மழை பெய்தால் கண்மாய் நிறையும். இல்லாவிட்டால் தரை வெடிக்கும். இதைப் பாலைவனம் என்று சொல்வது மிகை. ஆனால் தமிழர் பாலை என்று வகுத்தது மணற்காட்டை அன்று. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. அந்த இலக்கணப்படி ஆண்டில் ஆறு மாதம் எங்களூர் பாலையே.

சிலப்பதிகாரத்தை வீணாக இழுக்கவில்லை. நீண்ட நடைக்குப் பழகாத கால்களின் கதை தமிழில் அங்கேதான் இருக்கிறது. கண்ணகி புகாரைவிட்டுப் புறப்பட்டுச் சிறிது தூரம் வந்ததுமே மூச்சு வாங்க நின்று, மதுரை மாநகர் எது என்று கேட்கிறாள். கோவலனோ முப்பது காதத்தையும் அருகில் இருப்பதுபோல் சொல்லிச் சமாளிக்கிறான். பிறகு அவர்கள் வருகிற வழி எங்கள் ஜில்லாவைத் தொடுகிறது. கொடும்பாளூரை அடைந்தால் மதுரைக்கு மூன்று வழிகள் சூலம்போலப் பிரியும் என்று மாங்காட்டு மறையோன் விளக்குகிறான். வலப்பக்கத்து வழி வறண்ட காட்டைக் கடந்து சிறுமலை ஓரமாகச் செல்வது. இன்று பழனி யாத்திரிகர்கள் நத்தத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு நடக்கையில் கண்ணில் படுவதும் அதே சிறுமலைதான். மேலும் சென்றபின், கோடை வெயில் கண்ணகியின் அடிகளுக்கு ஆகாது என்று கண்டு, பகலில் தங்கி நிலவொளியில் நடக்கிறார்கள். ஆகப் பயிற்சியின்மை, வழித்தெரிவு, இரவு நடை ஆகிய மூன்று விஷயங்களையும் இளங்கோவடிகள் நமக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்.

பழனிக்கு நடப்பதில் தேர்ந்தவர்கள் நகரத்தார். உப்பு வாணிகம் செய்தவர்கள் சென்ற தடத்தில் 400 ஆண்டுகளாக அந்த யாத்திரை நடைபெற்று வருவதாகச் சொல்வார்கள். குன்றக்குடியில் கூடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று காவடிகளுடன் செல்வார்கள். பூசம் முடிந்ததும் மற்றவர்களைப்போல் பஸ் ஏறாமல், காவடியைச் சுமந்து நடந்தே ஊர் திரும்புவது அவர்கள் வழக்கம். இத்தனை தலைமுறையாக அவர்கள் காப்பாற்றி வந்திருக்கும் ஒழுங்கைப் பார்த்தால் அதுவே ஒரு பயிற்சி நூல் என்று தோன்றும். எந்நேரத்தில் எழுவது, எங்கே உண்பது, எங்கே வெயில் தாழ இருப்பது எல்லாம் முன்னதாகத் தீர்மானமானவை. தன்னிச்சையாக எவரும் முந்துவதில்லை. ஆனால் அண்மைக் காலத்தில் தனித்தனியாகவும் சிறு கூட்டங்களாகவும் புறப்படுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களிடம் பக்தி உண்டு. அந்த ஒழுங்கு இல்லை.

திருமயத்திலிருந்து பழனி 150 கிலோமீட்டருக்கு மேல். ஏழு நாளில் போய்ச் சேர வேண்டுமானால் நாளொன்றுக்குச் சராசரி 25 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இது சிறிதா பெரிதா என்பதை அளக்க ஒரு கணக்குச் சொல்கிறோம். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி இராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து புறப்பட்டு, வேதாரண்யத்தை 28-ஆம் தேதி அடைந்தார்கள். தூரம் ஏறத்தாழ 150 மைல். அதாவது நாளைக்குப் பத்து மைல், பதினாறு கிலோமீட்டர். தண்டி யாத்திரையும் அப்படியே: ஏறக்குறைய 240 மைல், 24 நாள். காந்தியடிகள் காலையிலும் மாலையிலும் நடந்து, நடுப்பகலை வேறு வேலைகளுக்கு ஒதுக்கினார். அப்போது அவருக்கு அறுபது வயது. ஆனால் அந்தக் கால்கள் 1930-இல் நடக்கக் கற்றவை அல்ல. லண்டனில் மாணவராக இருந்தபோதே நாளொன்றுக்கு எட்டுப் பத்து மைல் நடந்தவர். தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையிலிருந்து 21 மைல் தொலைவிலுள்ள ஜோஹன்னஸ்பர்க்குக்கு விடிவதற்கு வெகு முன்பே எழுந்து நடந்து போனவர். நம்மவர்களோ, யாதொரு பழக்கமும் இன்றி முதல் நாளே அவருடைய ஒன்றரை மடங்கு தூரம் நடக்கப் பார்க்கிறார்கள். கேட்டால், "லீவு அவ்வளவுதான் சார்" என்கிறார்கள். அதுவும் நியாயமே. லீவை நீட்ட முடியாதவன் பயிற்சியை நீட்டிக்கொள்ள வேண்டும்.

நாம் அவ்விதமே செய்தோம். "புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்" என்பது பழமொழி. பொன்னுருகக் காய்ந்த முதல் இரண்டு வாரம் தினமும் மூன்று கிலோமீட்டர்தான் நடை; ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோட்டைப் பாறை. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் விடியற்காலையில் உள்ளே புக முடியாது. வாயில் திறக்கும்போது வெயில் ஏறிவிடும். முதலில் இதைக் குறையாக எண்ணினவர்கள், பிறகு அதுவே உபகாரம் என்று கண்டுகொண்டார்கள். கருங்கல் காய்ந்தால் கீழிருந்தும் சூடு, மேலிருந்தும் சூடு. அதில் ஏறி உச்சியிலுள்ள பீரங்கி மேட்டைத் தொட்டு இறங்குவது. சற்று இளைப்பாறி மறுபடி ஏறுவது. முதல் ஞாயிறு இரண்டு முறை, அடுத்த ஞாயிறு மூன்று முறை, இப்படியாக ஆறுமுறை வரையில் உயர்த்தினோம்.

வெயிலில் வேலை செய்தால் உடல் வெயிலைக் கற்றுக்கொள்ளும் என்பது வெறும் வார்த்தையன்று. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் ஆழத்தில் புதிதாக இறங்கிய தொழிலாளிகள் வெப்பத்தால் மடிந்ததைக் கண்டு, 1920-களில் அவர்களைச் சிறிது சிறிதாகச் சூட்டுக்குப் பழக்கத் தொடங்கினார்கள். பிற்பாடு நடந்த ஆராய்ச்சிகள் காரணத்தை விளக்கின. தினம் ஒன்றிரண்டு மணி நேரம் வெப்பத்தில் உழைத்தால், முதல் வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. அதனால் இருதயம் அதே வேலையைக் குறைந்த துடிப்பில் செய்கிறது. வியர்வை முன்னதாகவே தோன்றுகிறது, மிகுதியாகவும் வருகிறது, ஆனால் அதில் உப்புக் குறைகிறது. பத்துப் பதினான்கு நாளில் இம்மாறுதல் பெரும்பாலும் கைகூடும். நிழலில் உட்கார்ந்துவிட்டால் சில வாரங்களில் மறைந்தும் போகும். மொராக்கோ தேசத்துச் சஹாராவில் 1986 முதல் ஓர் ஓட்டப் பந்தயம் நடத்துகிறார்கள். 'மராத்தான் தெ சாபிள்' என்று பெயர். மணலிலும் மொட்டைக் குன்றுகளிலும் சுமார் 250 கிலோமீட்டர். உணவையும் படுக்கையையும் தாமே முதுகில் சுமக்க வேண்டும். அதற்குச் செல்லும் குளிர்நாட்டார், பணம் கொடுத்துச் சூடேற்றிய அறைக்குள் புகுந்து பயில்கிறார்கள். நமக்கோ அந்த அறையைச் சூரிய பகவான் இனாமாக அளித்திருக்கிறார்!

பாறை இன்னொரு பாடமும் கற்பித்தது. ஏறுவதைவிட இறங்குவதே தொடையை நோகச் செய்கிறது. இறங்கும்போது தசைநார் நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதால் உள்ளே நுண்ணிய சேதம் உண்டாகிறது. வலி அன்று தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் தெரியும். முதல் திங்கட்கிழமை வகுப்பில் நாம் நாற்காலியிலிருந்து எழுந்த விதத்தைக் கண்டு மாணவர்கள் அடைந்த ஆனந்தத்தை வர்ணிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருமுறை அப்படி வலித்து ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலைக்கு அவ்வளவாக நோவதில்லை. பழனி மலையில் ஏறக்குறைய 700 படிகள். ஏழு நாள் நடந்து களைத்த பிறகு அவற்றில் ஏறி, இறங்கவும் வேண்டும் என்பதைப் புறப்படும்போது எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும் என்பதால் அதை விட்டுவிட்டுச் சாலைக்கு வந்தோம். ஞாயிறு நடை எட்டு, பத்து, பதின்மூன்று என்று வளர்ந்தது. நான்காவது வாரந்தோறும் வேண்டுமென்றே குறைத்தோம். இதுதான் இளைஞர்களுக்குப் பிடிக்கவில்லை. இருதயமும் மூச்சும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசையை எலும்போடு கட்டும் நாணும் தேற மாதங்கள் ஆகும். உடம்பு 'போ' என்கிறபோதும் நாண்கள் 'பொறு' என்கின்றன. நமக்கு வழிகாட்டியாக வந்த பெரியவர் எழுபது வயதானவர். முப்பது தடவைக்குமேல் பழனிக்கு நடந்தவர். அவர் இதை வேறுவிதமாகச் சொன்னார். ஒரு நாள் கடைக்கார அம்மாள் உற்சாகத்தில் எட்டிப் போட்டு நடந்தபோது, "தாயி, வேகமா நடக்கிறவ பழனி போய்ச் சேரமாட்டா. நேத்து நடந்த நடையையே இன்னிக்கும் நடக்கிறவதான் சேருவா" என்றார். அந்த வார்த்தையைக் கொண்டே மார்கழியில் இரண்டு வாரம் சனி, ஞாயிறு இரு நாளும் தொடர்ந்து நடந்தோம்: முதல் நாள் புதுக்கோட்டை வரையில் இருபது கிலோமீட்டர், மறுநாள் அதே வழியில் திருமயம். முதல் நாள் எவரும் நடப்பர். இரண்டாம் நாள் காலையில் எழுந்து முதல் நூறு அடி வைக்கிறபோதுதான் யாத்திரை இன்னதென்று விளங்கும்.

தண்ணீரைப்பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. ஒன்று, தாகத்தை அடக்குவது தவம் என்பது. மற்றொன்று, எவ்வளவுக்கெவ்வளவு குடிக்கிறோமோ அவ்வளவுக்கு நல்லது என்பது. வெயில் நடையில் மணிக்கு ஒரு லிட்டர்கூட வியர்வை போகலாம். அதோடு உப்பும் போகிறது. உப்பில்லாத வெறுந்தண்ணீரை வயிறு முட்டக் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் உப்பு நீர்த்துத் தலைவலி, வாந்தி, மயக்கம் உண்டாகும். உயிருக்கே ஆபத்தாக முடிவதும் உண்டு. நம் பாட்டிமார் காலையில் கொடுத்த உப்பிட்ட நீராகாரமும் வழியில் கொடுத்த நீர்மோரும் எவ்வளவு பொருத்தமானவை! அவை கிடைக்காத இடத்துக்கு ஒரு லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பும் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் கரைத்தால் போதும். அளவு தலைதட்டியதாக இருக்க வேண்டும். வெயிலில் ஒருவர் சம்பந்தமின்றிப் பேசவோ தள்ளாடவோ தொடங்கினால், அது அருள் வந்ததென்று வேடிக்கை பார்க்காமல் நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

கால்களுக்கு வருவோம். சர்க்கரை வியாதி உடைய எவரும், அம்மாவானாலும் ஐயாவானாலும், புறப்படுமுன் டாக்டரிடம் பாதத்தைக் காட்டியே தீரவேண்டும். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சி உண்டா என்று பார்க்கிறார்கள். ஐந்து நிமிஷ வேலை. உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலுடன் நடப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு சாலையைக் கடப்பதற்கு ஒப்பாகும். காலணி அணிந்தால் விரதம் கெடுமா என்று பெரியவரைக் கேட்டோம். "சுவாமி காலையா பார்க்கிறார்?" என்றார். நம் கூட்டத்தில் சர்க்கரை உள்ளவர் மூவர். மூவரும் காலணியுடனேயே நடந்தார்கள். இரவு தோறும் ஒருவர் பாதத்தை மற்றவர் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். கடைக்கார அம்மாளுக்கு அந்த வியாதி இல்லை. அவர் வெறுங்காலுடனேயே நடக்க விரும்பி, நான்கு மாதமும் செம்மண் தடத்தில் தினம் சிறிது தூரமாக உள்ளங்காலைப் பழக்கிக்கொண்டார்.

இரவு நடை வெயிலுக்கு நல்லது. ஆனால் இளங்கோவடிகள் காலத்தில் லாரிகள் இல்லை. பின்னாலிருந்து வரும் வண்டியால் யாத்திரிகர் மாண்ட செய்தி ஒவ்வொரு தை மாதமும் பத்திரிகையில் வருகிறது. சாலையின் வலப்புறம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தவாறு, ஒருவர் பின் ஒருவராக நடப்பதும், முன்னும் பின்னும் ஒளி திருப்பும் பட்டை அணிந்தவர் இருப்பதும் கட்டாயம் என்று வைத்துக்கொண்டோம். கூட்டமெல்லாம் இடப்புறம் போகையில் நாம் மட்டும் வலப்புறம் போனதால் கேலிக்கு உள்ளானோம். போகட்டும்.

புறப்பட்ட பதினொருவரில் பத்துப்பேர் நடந்து சேர்ந்தோம். நம்முள் மிகவும் பலசாலியான கபடி வீரர் முதல் நாளே கூட்டத்தைவிட்டு முந்திப் போய், சிங்கம்புணரியில் இரண்டு குதிகாலிலும் கொப்புளத்துடன் உட்கார்ந்திருந்தார். கொப்புளத் தோலை உரிக்காமல் சுத்தமான துணி கட்டிக்கொண்டு, அதன்பின் பெரியவருக்குப் பின்னாலேயே நடந்தார். மழைக்காலத்து ஞாயிறுகளில் பெரும்பாலானவற்றைத் தவறவிட்ட நண்பர் ஒருவருக்கு முழங்காலின் கீழே எலும்பு ஓரம் வீங்கியது. திண்டுக்கல்லில் அவரைப் பஸ் ஏற்றிவிட்டோம். பழனியில் நமக்கு முன்னதாக இருந்து, காப்பி வாங்கி வைத்துக் காத்திருந்தார்.

கடைக்கார அம்மாள் ஏழாம் நாள் காலையில் படியேறினார். இறங்கும்போது கைப்பிடியைப் பற்றவில்லை என்பதைப் பின்னால் வந்த நாம் கவனித்தோம். கீழே வந்ததும் கைப்பேசியில் கணவரை அழைத்து, பாதத்தின் படத்தை அனுப்பினார். ஒரு கீறலும் இல்லை. அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த தடவை நானும் செருப்புப் போட்டுக்கிட்டு குன்றக்குடி வரைக்குமாவது வர்றேன்" என்றாராம். டாக்டர் அனுமதித்தால் அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறோம்.

வரும் புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமை மறுபடி தொடங்குகிறோம். கோட்டை வாயில் திறக்கும் நேரத்தில் பைரவர் சந்நிதியருகே கூடுவோம். சேர விரும்பும் நாற்பது வயதுக்கு மேற்பட்டோர், இரத்தத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்த சீட்டைக் கையில் கொண்டு வரவேண்டும். சீட்டில்லாதவர்களைப் பெரியவர் பாறையில் ஏற விடமாட்டார்.